கடைசி ஊர் முதலில்

எங்கள் வீட்டில் புத்தி என்ற சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. ஒருவர் வரிசையாகச் சொல்வதைத் தலையில் நிறுத்திவைத்துக்கொண்டு, அதைக் கடைசியிலிருந்து முதல்வரை திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தவர் புத்திசாலி. முடியாதவர் பள்ளிக்கூடத்தில் முதல் ராங்க் வாங்கினாலும் எங்கள் அத்தா கணக்கில் பாவப்பட்ட ஜென்மம். நாங்கள் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். நான் நாலாம் வகுப்பில் முதல் ராங்க் வாங்கிக்கொண்டிருந்தேன், ஆனாலும் அந்த ஜென்மங்களில் நானும் ஒருத்தி.

இந்த அளவுகோல் அத்தாவுக்கு அவருடைய வேலையிலிருந்து வந்தது. சிவகாசியில் ஒரு லாரி செட்டில் லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்கிற வேலை. மற்ற நாட்களில் தீப்பெட்டி, காலண்டர், டைரி. சீசன் வந்தால் வெடி. எல்லாம் அங்கே வந்து குவிந்து, லாரியில் ஏறி, மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி என்று வழிநெடுக இறங்கிக்கொண்டே ஓசூர் வரை போகும். லாரிக்குக் கதவு ஒன்றுதான், அதுவும் பின்னால். முதலில் இறங்குகிற மதுரைச் சரக்கு கதவோரம் இருக்க வேண்டுமென்றால் அதைக் கடைசியில் ஏற்ற வேண்டும். கடைசியில் இறங்குகிற ஓசூர்ச் சரக்கு முதலில் ஏறி உள்ளே போய் முட்டி உட்கார வேண்டும். ஆபீஸ்காரர் தரும் காகிதம் மதுரையில் தொடங்கி ஓசூரில் முடியும். லாரியோ ஓசூரில் தொடங்கி மதுரையில் முடியும். நடுவே அதைத் திருப்பிப் போடுகிற இடம் அத்தாவின் தலை.

ஊர்களின் வரிசை எந்தக் கிளீனருக்கும் தெரியும், அதில் ஒன்றும் பெருமை இல்லை. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் நாலைந்து பார்ட்டிகள் இருப்பார்கள். அவரவருக்கு இத்தனை பெட்டி என்று ஒரு கணக்கு இருக்கும். பாதி லோடு ஏறிக்கொண்டிருக்கும்போது ஆபீசிலிருந்து ஆள் ஓடி வந்து, "பாய், கரூர் பார்ட்டிக்குக் கொஞ்சம் கொறைச்சுக்கங்க, அதை நாமக்கல்லுல சேத்துக்கங்க" என்பார். பழையதை அழித்து, அந்த இடத்தில் புதியதை வைத்து, மற்றவை எதுவும் கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தா காகிதத்தை ஒரு தடவை பார்ப்பார். மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். தார்ப்பாய் கட்டி முடிக்கும்வரை அதை வெளியே எடுக்கமாட்டார். பக்கத்து வீட்டில் குடியிருந்த சாச்சா, அதாவது அத்தாவின் தம்பி, பஸ் ஸ்டாண்டில் செருப்புக் கடை வைத்திருந்தார். அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் செருப்பைக் காட்டுவதற்கு முன் அண்ணனின் தலையைப் பற்றித்தான் பேசுவார்.

மாலையில் அத்தா வீடு திரும்பிக் கைகால் கழுவியதும் எங்கள் ஆட்டம் தொடங்கும். அவர் ஊர்களைக் கலைத்துப் போட்டுச் சொல்வார். தேனி, ஓசூர், கரூர், பழனி. நான் பழனி, கரூர், ஓசூர், தேனி என்று திருப்ப வேண்டும். நான்கு ஊர்வரை என் வண்டி ஓடும். ஐந்தில் தடுமாறும். ஆறாவது ஊர் உள்ளே நுழைந்தால் முதலில் வந்த ஊர் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விடும். அடுத்து நான் சொல்ல அவர் திருப்புவார். தெரிந்த பெரிய ஊர்களெல்லாம் தீர்ந்துபோய், காரியாபட்டி, நாரணாபுரம், ஆலங்குளம் என்று பஸ் போர்டில் படித்த ஊர்களையெல்லாம் அள்ளிக் கொட்டுவேன். அவர் நகம் வெட்டிக்கொண்டே ஒன்றுவிடாமல் திருப்பிக் கொடுப்பார். "புள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுக்க ஆளில்ல, ஊர் ஊரா ஏலம் போடுறாக" என்று அம்மா அடுப்படியிலிருந்து முணுமுணுப்பாள். ஒரு நாள்கூட நான் ஜெயித்ததில்லை. என்றாவது ஒருநாள் அத்தாவை ஜெயித்துவிட வேண்டும் என்பது அன்றைக்கு எனக்கிருந்த ஒரே லட்சியம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, தீபாவளி எங்கள் நோன்பு மாதத்துக்குள் வந்து விழுந்தது. நோன்பு வருடத்துக்கு வருடம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். எப்போதாவதுதான் இரண்டும் இப்படி முட்டிக்கொள்ளும். தீபாவளிக்கு முந்தின மாதம் எங்கள் ஊரில் மூச்சுவிட நேரமிருக்காது. அந்த மாதத்தில் பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நின்று லோடு ஏற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆகவே அத்தா தடுமாறத் தொடங்கியபோது யாரும் காரணம் தேடி அலையவில்லை. காரணம் கையிலேயே இருந்தது.

உப்பு கேட்டார். அம்மா எடுத்து வந்து வைத்தாள். வைத்த கை எடுக்கும் முன்னே மறுபடியும் உப்பு கேட்டார். வெளியே போவதற்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தவர், எங்கே கிளம்பினோம் என்று தெரியாமல் நின்றார். "நோன்பு மயக்கம்" என்றாள் அம்மா. லாரி செட்டில் லோடுமேன்களும் அதையே சொன்னார்கள். சாச்சா ஒரு படி மேலே போய், "வயித்துக்குத்தான் நோன்புன்னு நெனச்சேன், எங்க அண்ணன் தலைக்கும் சேத்துப் பிடிக்கிறாக" என்றார். எல்லோரும் சிரித்தோம். நோன்பு முடிந்து பெருநாள் கழிந்தால் சரியாகிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னால் கஞ்சிக் கிண்ணங்களைச் சுற்றி உட்கார்ந்து பள்ளிவாசல் பாங்கு சத்தத்துக்காகக் காத்திருப்போம். சில ஊர்களில் நோன்பு திறக்கும் நேரத்தைத் தெரிவிக்க வேட்டுப் போடுவார்களாம். எங்கள் ஊருக்கு அது சரிப்படாது. சீசனில் காலையிலிருந்தே யாராவது ஒருவர் எங்காவது வெடியைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருப்பார். அதை நம்பினால் மத்தியானத்திலேயே கஞ்சி குடித்துவிட வேண்டியதுதான். அப்படிக் காத்திருக்கும் நேரம்தான் அந்த மாதம் எங்கள் ஆட்டத்துக்கு வாய்த்தது. வழக்கமாக நான்தான் அத்தாவை நச்சரித்து இழுப்பேன். அந்த மாதம் அவரே கூப்பிட்டார். தினமும் கூப்பிட்டார். முதல் நோன்பன்று நான் கொட்டிய ஊர்களையெல்லாம் பழையபடி திருப்பிக் கொடுத்தார், நான் தோற்றேன். அதற்கடுத்த வாரம் ஓர் ஊரை விட்டுவிட்டு, நான் எடுத்துக் கொடுத்ததும் நெற்றியைத் தட்டிக்கொண்டார். அதை வெற்றியாகக் கணக்கில் சேர்க்க எனக்கே மனம் வரவில்லை.

பாதி நோன்பு கழிந்திருக்கும். "வா புள்ள, ஊர் சொல்லு" என்றார். நான் சொன்னேன்.

"சேலம், தேனி, பழனி, கரூர், ஓசூர்."

"ஓசூர், கரூர்..." என்றவர் நின்றார். கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தார். ஊர் அதற்குள் மிதப்பதுபோல் பார்த்தார். "ஓசூர், கரூர், தேனி" என்றார்.

"பழனியை விட்டுட்டீக! சேலத்தையும் விட்டுட்டீக!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து குதித்தேன். பாங்கு சொல்லும்வரைகூடப் பொறுக்காமல் பக்கத்து வீட்டுக்கு ஓடி, அத்தாவை ஜெயித்துவிட்டேன் என்று கத்தினேன். சாச்சா என்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து, "என்னண்ணே இது, கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையா இருக்கு? நாளையிலருந்து லோடு ஏத்த எம் மகளை அனுப்பி வைங்க" என்றார். அத்தாவும் சிரித்தார். "எம் புள்ளைக்குப் புத்தி எங்கருந்து வரும், எங்கிட்டருந்துதானே?" என்றார். அம்மாதான் சிரிக்கவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாச்சா போனபின் அத்தா என்னைக் கிட்டே இழுத்து, "இன்னொரு தரம் சொல்லு புள்ள, மெதுவாச் சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு நான் தினமும் ஜெயித்தேன். ஐந்து ஊரிலிருந்து நான்குக்கு வந்தேன், அப்போதும் ஜெயித்தேன். இத்தனை சுலபமாக ஜெயிப்பதில் ஒரு ருசியும் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளோடு விளையாடும்போது வேண்டுமென்றே தோற்பார்கள் அல்லவா, அத்தா அந்த வேலையைத்தான் செய்கிறார் என்று முடிவு கட்டினேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சும்மா சும்மா தோக்காதீக அத்தா. நெசமா விளையாடுங்க."

அத்தா என் தலையைத் தடவினார். "நெசமாத்தான் புள்ள விளையாடுறேன்" என்றார்.

நான் நம்பவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கஞ்சி குடித்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில்தான் லாரி செட். காலண்டர் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். அந்த நாட்களில் அங்கே பார்த்ததை நான் பெரிய விளையாட்டு என்றே நினைத்தேன். அத்தா ஆபீசுக்குள் போய்க் காகிதத்தைப் பார்ப்பார். லாரிக்கு நடந்து வருவார். வருவதற்குள் அது உதிர்ந்துபோகும். திரும்பவும் ஆபீசுக்குப் போவார். இரண்டு மூன்று நாள் இப்படி நடந்து பார்த்தவர் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். லோடுமேன்களைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, "நீ மதுரை, நீ திண்டுக்கல், நீ கரூர்" என்று பேர் வைத்துக்கொண்டே போனார். அந்தந்த ஊர்ப் பார்ட்டிகளும் பெட்டிக் கணக்கும் அந்தந்த ஆளின் பொறுப்பு. மாற்றம் ஏதும் வந்தால் ஆபீஸ்காரர் அந்த ஆளிடமே சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் பேர் வைத்து முடிந்ததும் அத்தா வரிசையின் மறுமுனைக்குப் போய் நின்றுகொண்டு, "இப்ப இங்கனருந்து வாங்க" என்பார். ஓசூர் முதலில் வரும். மதுரை கடைசியில் வரும்.

லோடுமேன்களுக்கு இது ஒரே கொண்டாட்டம். "ஏலே நாமக்கல், பீடியைக் கீழ போடுலே, வெடி இருக்கு" என்று ஒருவன் கத்துவான். "சேலம் எங்கலே போச்சு?" என்று இன்னொருவன் தேடுவான். சேலம் சுவரோரம் ஒதுங்கியிருக்கும். பாய்க்கு வயதாக ஆகக் குறும்பு கூடிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். லோடு ஒன்றும் தப்பவில்லை. அதனால் முதலாளிவரைக்கும் செய்தி போகவில்லை.

பின்னாட்களில் கல்லூரியில் உளவியல் ஒரு பாடமாக இருந்தது. ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கும்போதே அதற்கு வேண்டியதைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்து வைத்து, முன்னும் பின்னும் மாற்றிப் போடுகிற திறனுக்கு அதில் ஒரு பேர் இருந்தது. அதுவும் அறிவும் நெருங்கிய சொந்தம் என்று படித்தேன். ஒன்று நன்றாக இருந்தால் பெரும்பாலும் மற்றதும் நன்றாக இருக்குமாம், ஆனால் இரண்டும் ஒன்றல்லவாம். வகுப்பில் எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. தலைக்குள் திருப்ப முடியாமல் போனதை வெளியே ஆட்களை நிறுத்தித் திருப்பிய மனிதர் கண்முன் நின்றார். பிடித்து வைக்கிற கை தளர்ந்துவிட்டது, ஆனால் அது தளர்ந்ததைப் பார்க்கிற கண்ணும் அதற்கு மாற்று வழி யோசிக்கிற புத்தியும் முழுசாக இருந்தன. அதை எங்கள் தெருவில் யாரும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை, ஆனால் எனக்கு அப்போது ஒன்பது வயது. தெருவுக்கு என்ன வந்தது?

தீபாவளிக்கு முந்தின கடைசி லாரியில் எல்லாம் முடிந்தது. லோடுமேன்களில் பாதிப் பேர் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். கரூரும் இல்லை, சேலமும் இல்லை, ஓசூர் முதல்நாளே பஸ் ஏறிவிட்டார். அவர்களுக்குப் பதிலாக அன்றைக்கு மட்டும் கூலிக்கு வந்த புது ஆட்கள் இந்த விளையாட்டுக்கெல்லாம் மசியவில்லை. "வரிசையில நிக்க நாங்க என்ன பள்ளிக்கூடத்துப் புள்ளைகளா? எதை ஏத்தணும்னு சொல்லுங்க, ஏத்திட்டுப் போறோம்" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் அவசரம். மழை வேறு மேலே கறுத்துக்கொண்டு நின்றது. அத்தா காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். மேலிருந்து கீழாகப் படித்தார். படித்தபடியே ஏற்றச் சொன்னார். மதுரைப் பெட்டிகள் முதலில் ஏறி உள்ளே போய் முட்டி உட்கார்ந்தன. ஓசூர்ப் பெட்டிகள் கதவோரம் வந்து நின்றன. தார்ப்பாய் கட்டி லாரி கிளம்பிவிட்டது.

மதுரையில் கதவைத் திறந்த டிரைவருக்கு ஓசூர்தான் கண்ணில் பட்டது. மதுரையை எடுக்க வேண்டுமென்றால் மற்ற ஊர்களையெல்லாம் இறக்கியாக வேண்டும். ரோட்டோரத்தில் இறக்கினார்கள். பாதி இறக்கியிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்த வெடியை வைத்து என்ன செய்வது? மதுரையிலிருந்து லாரி செட்டுக்குப் போன் வந்தது.

மறுநாள் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆளிடம் இனிப்புப் பெட்டி கொடுத்துவிடுவார், அந்த வருடம் அவரே கொண்டுவந்தார். அதிலிருந்தே அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதலாளி நல்ல மனிதர். திட்டுவதற்கு வந்திருந்தால் எங்களுக்கு அது எவ்வளவோ தேவலை.

"புது ஆளுகளைத் திட்டாதீக மொதலாளி" என்றார் அத்தா. "நான் சொன்னபடிதான் ஏத்துனாக."

"விடுங்க பாய், ஆனைக்கும் அடி சறுக்கும். நோன்பு வேற. பெருநாள் முடியட்டும், வீட்ல இருந்து நல்லாச் சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சுத் தெம்பா வாங்க."

"நோன்பு எனக்கு ஏழு வயசுலருந்து இருக்கு மொதலாளி."

முதலாளி என் கையில் இனிப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அவர் போனதும் அம்மா அழுதாள். "ஒரு நாளு ரெண்டு நாளு நோன்பை விட்டுட்டுத்தான் பாருங்களேன், பின்னாடி களா பிடிச்சுக்கலாம்" என்று கெஞ்சினாள். விட்டுப்போன நோன்பைப் பிறகு பிடித்து ஈடுகட்டுவதற்குக் களா என்று பேர். அத்தா அதற்கு மசியவில்லை. இதில் நோன்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரிந்திருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

தெருவில் பேச்சு கிளம்ப எத்தனை நேரம் ஆகும்? "பாய்க்குப் புத்தி மங்கிப்போச்சு" என்றார்கள். அம்புட்டு மூளைக்காரர் இப்படி ஆகிவிட்டாரே என்று பரிதாபப்பட்டார்கள். சில பேர், அளவுக்கு மீறி யோசித்தால் இப்படித்தான் என்று மற்றவர்களுக்குப் புத்திமதி சொன்னார்கள். அத்தாவைப் பார்த்தால் குரலை உயர்த்தி, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்கள். அத்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார்.

தீபாவளி முடிந்த கையோடு பெருநாளும் வந்தது. அத்தாவோடு நாங்கள் கொண்டாடிய கடைசிப் பெருநாள் அது. அடுத்த நோன்புக்குப் பிறை பார்க்க அவர் இல்லை. காலையில் தொழுதுவிட்டு வந்து, சாச்சா வீட்டாரோடு உட்கார்ந்து, பிரியாணி வயிறு நிறையச் சாப்பிட்டார். "இனி எல்லாம் சரியாப் போயிரும்ண்ணே" என்றார் சாச்சா. அம்மா மறுசோறு வைத்தாள். கை கழுவிவிட்டு வந்து அத்தா என்னைக் கூப்பிட்டார். அம்மா பாத்திரங்களை அள்ளிக்கொண்டு நின்றாள். எங்கள் ஆட்டத்தை அவள் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

"தேனி, கரூர், பழனி" என்றேன். அத்தா தோற்பது சலித்துப்போய், அவராவது ஒரு தடவை ஜெயிக்கட்டும் என்று மூன்றே மூன்று ஊர்கள்தான் சொன்னேன்.

"பழனி" என்றார். பிறகு, "பழனி, கரூர்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

அம்மா பாத்திரங்களோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பசியும் இல்லை, வெயிலும் இல்லை, நோன்பும் இல்லை. சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் மிச்சமில்லை. "மதுரைக்குப் போயி நல்ல டாக்டராப் பாத்துருவோம்" என்று அத்தாதான் முதலில் சொன்னார்.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்கு எதற்குச் சின்னப் பிள்ளை, சாச்சி வீட்டில் இருக்கட்டும் என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அவ வரணும்" என்று அத்தா ஒரே பிடியாக நின்றார். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். பெருநாளுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அம்மா வழிநெடுக வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாள். அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார், நேராக நடக்கச் சொன்னார். அப்புறம், "மாசங்களைக் கடைசியிலருந்து சொல்லுங்க பாப்போம், டிசம்பர்ல ஆரம்பிங்க" என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் ஆட்டம் மதுரை டாக்டர்வரைக்கும் தெரிந்திருக்கிறது! அத்தா டிசம்பர் என்றார், நவம்பர் என்றார், பிறகு லேசாகச் சிரித்து, "இதுக்கு மேல நிக்கலை டாக்டர்" என்றார்.

"எப்பருந்து இப்படி இருக்கு?" என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார்.

"நோன்புலதாங்க. பசி மயக்கம்னு இருந்துட்டோம். எப்பன்னு சரியாத் தெரியலீங்களே" என்றாள் அம்மா.

டாக்டர் அத்தாவைப் பார்த்தார். "என்னையக் கேட்டீகன்னா மாத்திச் சொல்லிருவேன் டாக்டர்" என்றார் அத்தா. "எம் மகளைக் கேளுங்க. எப்ப எம்புட்டு நின்னுச்சுன்னு அவளுக்குத் தெரியும். அதுக்குத்தான் கூட்டியாந்தேன்."

நாங்கள் அத்தனை பேரும் நோன்பின்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தபோது, அத்தா மட்டும் ஒவ்வொரு மாலையும் தன்னை அளந்துகொண்டிருந்தார். அந்த மாதம் அவரே ஆட்டத்துக்குக் கூப்பிட்டது அதற்காகத்தான். அளந்த கணக்கு தன் தலையில் நிற்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அதை என் தலையில் ஏற்றி வைத்திருந்தார். அம்மாவிடம் கொடுத்திருந்தால் அவள் அன்றே பயந்து செத்திருப்பாள். நான் ஒருத்திதான் அவர் தோற்கத் தோற்கச் சந்தோஷப்பட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பேன். இவ்வளவும் எனக்கு விளங்க வருடக்கணக்காக ஆனது.

அன்றைக்கு எனக்கு விளங்கியதெல்லாம், ஒரு பெரிய டாக்டர் என் வெற்றிகளைக் கேட்கிறார் என்பதுதான். வகுப்பில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டேன். முதல் நோன்பில் அத்தா எல்லா ஊரையும் சொல்லி என்னைத் தோற்கடித்ததிலிருந்து ஆரம்பித்தேன். அதற்கடுத்த வாரம் ஓர் ஊரை விட்டது. பாதி நோன்பில் ஐந்துக்கு மூன்றுதான் நின்றது, அதில் நான் ஜெயித்தது. பிறகு நான்கையும் சொல்ல முடியாமல் போனது. தினமும் தினமும் நான் ஜெயித்தது. ஒவ்வொன்றுக்கும் அத்தா, லோடு சரிபார்க்கிற மாதிரி, "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பெருநாளன்னைக்கு ரெண்டே ஊருதான் சொன்னாக டாக்டர்!" என்று சத்தமாகச் சொல்லி முடித்தேன்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு மார்க் போடுகிறார் என்று நினைத்தேன்.